லான்ட்மாஸ்ரரைத் தந்தவர் வீட்டில் விமானமும் கட்டினார்

கடந்த சித்திரை விடுமுறைக்கு மண்டைதீவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். முற்றத்து வேம்பின் கீழ் அக்காவின் மகன் எதையோ வெட்டிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வயது. மீன் ஏற்றி வந்து உடைந்துபோன ரெஜிபோம் பெட்டி ஒன்றைக் கரையில் பொறுக்கி வந்திருக்கிறான். அதிலிருந்து இரண்டு செட்டைகள், ஒரு வால். பழுதான விளையாட்டுக் காரிலிருந்து கழற்றிய சின்ன மோட்டாரை முகப்பில் வைத்து இழைபோட்டுக் கட்டியிருந்தான்.

மோட்டார் உறுமியதும் குசினிக்குள் இருந்து அம்மா வந்தார். ஒன்றும் பேசவில்லை. விமானத்தை வாங்கிக்கொண்டுபோய் விறகு அடுக்குக்குப் பின்னால் வைத்துவிட்டுத் திரும்பவும் அடுப்படிக்குப் போய்விட்டார். பெடியன் திகைத்துப்போனான். அக்கா என்னைப் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் விளங்கியது. அவனுக்குத்தான் விளங்கவில்லை.

1990 ஆவணியில் தீவுப்பகுதிக்குள் இராணுவம் இறங்கியபோது நான் கைக்குழந்தை. எங்கள் குடும்பம் வள்ளமேறி மறுகரைக்குப் போனது. அந்த நாட்களில் மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர்கள் பலர் இன்றுவரை திரும்பவில்லை. பிறகு நாங்கள் இருந்த வலிகாமத்தில் வானம்தான் எதிரி. சகடை, பொம்மர், ஹெலி, பின்னாளில் புக்காரா, கிபிர் என்று ஒவ்வொன்றையும் சத்தத்தை வைத்தே அம்மா அடையாளம் சொல்லுவார். பலாலியில் இருந்து சென்னைக்குப் பயணிகள் விமானம் பறக்கத் தொடங்கி வருடங்கள் ஆகிவிட்டன. இன்னமும் தாழப் பறக்கும் சத்தம் கேட்டால் அம்மா கொடியில் காயப்போட்ட உடுப்பை விட்டுவிட்டு உள்ளே வந்துவிடுவார்.

அன்று இரவு பெடியன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். எங்கள் நாட்டில் யாராவது வீட்டில் வைத்து உண்மையான விமானம் செய்திருக்கிறார்களா என்று. எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் பார்த்தேன். ஒரு பெயர் கிடைத்தது. அந்தப் பெயருக்குக் கீழே இருந்த இரண்டாவது வரி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்த மனிதர்தான் லான்ட்மாஸ்ரரையும் உருவாக்கியவர்.

இரண்டு சில்லில் ஓடிய வீடு

லான்ட்மாஸ்ரர் என்றால் என்னவென்று வடக்கு, கிழக்கில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இரண்டு சில்லு, முன்னால் எஞ்சின், பின்னால் நீண்ட இரண்டு கைபிடி. வயலில் அதன் பின்னால் நடந்து உழலாம். பின்னால் பெட்டியைக் கொளுவினால் நெல், கல், மணல், வலை, தண்ணீர்த் தாங்கி, கலியாண வீட்டுக் கதிரை என்று எதையும் ஏற்றலாம். இன்று ஓடுபவற்றில் அனேகமானவை ஜப்பானிலோ சீனாவிலோ செய்தவை. இருந்தாலும் எங்கள் வாயில் எல்லாமே லான்ட்மாஸ்ரர்தான். ஒரு கம்பனியின் பெயர் அந்த வகை இயந்திரம் முழுவதற்கும் பெயராகிவிட்டது.

எனக்கு அது வேறொன்றின் பெயரும்கூட. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் நகர்ந்தபோது, சின்னையாவின் லான்ட்மாஸ்ரர் பெட்டியில் அரிசிமூட்டைக்கு மேல் நான் இருந்தேன். ஐந்து வயது. மழை. முன்னாலும் பின்னாலும் சனம். நாவற்குழிப் பாலத்தடியில் மணிக்கணக்காக நின்றோம். டீசல் இல்லாத காலம். மண்ணெண்ணெயில் எதையோ கலந்து சின்னையா அந்த எஞ்சினை ஓட வைத்திருந்தார். அம்மம்மா, ஆடு, தையல் இயந்திரம், சட்டிபானை எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. எங்களுடைய வீடு அன்று இரண்டு சில்லில் ஓடியது.

மேலே போனது விமானம். கீழே எங்களைக் கொண்டுபோனது லான்ட்மாஸ்ரர். இரண்டையும் ஒரே மனிதரின் வாழ்க்கைக்குள் கண்டபோது, அவரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

விமானம் படித்துவிட்டு வயலுக்கு

ரே விஜேவர்த்தன 1924 ஓகஸ்ட் 20இல் பிறந்தார். முழுப் பெயர் பிலிப் ரேவத விஜேவர்த்தன. கொழும்பின் செல்வாக்குள்ள குடும்பம். கல்கிசை புனித தோமையர் கல்லூரியில் படித்துவிட்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பொறியியல் கற்றார். அவருடைய மனம் நின்ற துறை விமானப் பொறியியல்.

ஆனால் அவர் திரும்பி வந்த இலங்கையில் விமானம் செய்யும் தொழிற்சாலை இல்லை. இருந்தது வயல். சிறிய துண்டுகளாக வரம்பு கட்டிய, முழங்கால்வரை சேறு நிற்கும் நெல்வயல். மேற்கு நாடுகளில் ஓடிய பெரிய நான்கு சில்லு உழவு இயந்திரம் அந்தச் சேற்றில் புதையும், வரம்பில் திரும்ப முடியாது. மாடும் எருமையும்தான் உழுதன. பாரம் குறைந்த, திருப்ப இலகுவான, ஒரு ஆள் பின்னால் நடந்தே ஓட்டக்கூடிய இயந்திரம் வேண்டும் என்று விஜேவர்த்தன கண்டார். பாரத்தைக் குறைப்பது விமானப் பொறியியலின் முதல் பாடம். 1950களில் அவர் உருவாக்கிய இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் இருந்த லான்ட்மாஸ்ரர் நிறுவனம் உற்பத்தி செய்து பல நாடுகளுக்கும் விற்றது. பெயர் அப்படித்தான் எங்களிடம் வந்து சேர்ந்தது.

அதோடு அவர் ஒரு பாய்மரப் படகோட்டி. 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் படகோட்டினார். 1970இல் பாங்கொக்கில் நடந்த ஆசிய விளையாட்டில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். காற்றையும் செட்டையையும் பாயையும் விளங்கிக்கொண்ட ஒருவர் தண்ணீரிலும் வானத்திலும் செய்வது கிட்டத்தட்ட ஒரே வேலைதான்.

தன் இயந்திரத்தையே சந்தேகித்தவர்

இயந்திரம் செய்து பெயர் எடுத்தவர்கள் பலர். செய்த இயந்திரம் சரியா என்று தன்னைத்தானே கேட்டவர்கள் குறைவு. விஜேவர்த்தனவின் வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகத் தெரிவது இந்த இடம்தான்.

அமெரிக்காவில் ஒரு முறை தன் உழவு இயந்திரத்தைப் பற்றி உரையாற்றினார். கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து, நீங்கள் இயந்திரமயமாக்கியது வெப்பமண்டல விவசாயத்தையா, அல்லது வெறும் எருமையையா என்ற கருத்தில் ஒரு கேள்வி போட்டார். அந்தக் கேள்வி தன்னை உலுக்கிவிட்டதாக விஜேவர்த்தன பின்னாட்களில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். பதில் தேடிப் போனபோது தன் வாழ்நாள் வேலையின் அடித்தளத்தையே தோண்டவேண்டி வந்தது.

எருமை புல்லைத் தின்னும், சாணம் தரும், பால் தரும், கன்று போடும். உழவு இயந்திரம் வெளிநாட்டு எண்ணெயைக் குடிக்கும், உதிரிப்பாகம் கேட்கும், பத்து வருடத்தில் பழைய இரும்பாகும். அதற்கும் மேலே ஒரு கேள்வி இருந்தது. நாம் ஏன் உழுகிறோம்? பெரும்பாலும் களையை அடக்கத்தான் என்ற முடிவுக்கு அவர் வந்தார். களையை வேறு வழியில் அடக்க முடிந்தால், வெப்பமண்டலத்துக் கடும் மழையில் மண்ணைக் கிளறி அரிக்க விடவேண்டிய தேவையே இல்லை.

இந்தத் தேடலோடு மலேசியாவில் வேலை செய்தார். 1970களின் பிற்பகுதியில் நைஜீரியாவின் இபாடான் நகரில் உள்ள சர்வதேச வெப்பமண்டல விவசாய ஆய்வு நிறுவனத்தில் வேலை செய்தார். அங்கே அவர் உருவாக்கியவை பெரிய இயந்திரங்கள் அல்ல. உழாத நிலத்தில் தள்ளிக்கொண்டு போனால் மூடாக்கை ஊடுருவித் துளைபோட்டு விதை இடும் உருளைக் கருவி அவற்றில் ஒன்று. கையால் இயங்கும். எண்ணெய் தேவையில்லை. ஊர்க் கொல்லரே திருத்தலாம்.

நாடு திரும்பிய பிறகு சிலாபத்துக்கு அண்மையில் காக்கப்பள்ளியில் இருந்த தன் தோட்டத்தில் இதையெல்லாம் தானே செய்து பார்த்தார். தென்னைகளுக்கு இடையில் நாங்கள் சீமைக்கிளுவை என்று சொல்லும் கிளிசரிடியாவை வரிசையாக நட்டார். அது காற்றில் உள்ள நைதரசனை வேரில் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். இலை பசளை, மாட்டுக்கு உணவு. தடி விறகு. அந்த விறகை எரித்து மின்சாரம் எடுக்கலாம் என்று இறுதிவரை வாதாடினார். மலைச்சரிவுகளில் மண் அரிக்காமல் மர வரிசைகளுக்கு இடையே பயிரிடும் முறையையும் பரப்பினார். எங்கள் யாழ்ப்பாணத்து வேலிக்குக் கிளுவையும் பூவரசும் சீமைக்கிளுவையும் புதியவை அல்ல. குழை வெட்டித் தோட்டத்துக்குத் தாழ்ப்பது எங்கள் அப்பப்பாக்களின் வேலை. கேம்பிரிட்ஜில் படித்தவர் பாதி உலகம் சுற்றி வந்து சேர்ந்த இடம், எங்கள் வேலியோரம்.

வீட்டில் வளர்ந்த செட்டைகள்

விமானத்தை அவர் இடையில் விடவே இல்லை. விமானம், ஹெலிகொப்டர், ஓட்டோஜைரோ ஆகியவற்றை ஓட்டும் அனுமதிப்பத்திரங்கள் அவரிடம் இருந்தன. கொழும்பில் இருந்தபடி சிறிய, மிகப் பாரம் குறைந்த விமானங்களைத் தானே வடிவமைத்தார், தானே கட்டினார், இரத்மலானைக்குக் கொண்டுபோய்த் தானே ஓட்டினார். முதுமையிலும் இந்த வேலை தொடர்ந்தது.

வீட்டில் விமானம் கட்டுவது என்பது மந்திரவித்தை அல்ல. அலுமினியக் குழாய்களை அளவெடுத்து வெட்டித் துளைபோட்டு ஆணிகளால் பூட்டினால் எலும்புக்கூடு. செட்டைக்கு மேல் பொலியெஸ்டர் துணியை ஒட்டி, வீட்டு ஸ்திரிக்கைப்பெட்டியைச் சூடாக்கி மெதுவாக ஓட்டினால் துணி சுருங்கி மேளம்போல் இறுகும். இந்த வகை விமானங்களுக்கு அதிகம் பூட்டப்படும் எஞ்சின்கள், பனியில் ஓடும் வண்டிகளுக்குச் செய்த சிறு எஞ்சின்களிலிருந்து வந்தவை. கடினம் வேறு இடத்தில் இருக்கிறது. பாரத்தின் மையம் நான்கு விரல் பின்னால் போனால் மூக்கு தூக்கும், விமானம் காற்றில் பிடி இழக்கும். ஒரு ஆணி தளர்ந்தால் வீதியோரம் நிறுத்தி இறுக்க முடியாது. கடைகளில் முழுத் தொகுதியாக வரும் பாகங்களை வாங்கினாலும், சேர்த்து முடிக்க ஆயிரக்கணக்கான மணித்தியாலங்கள்கூடப் போகலாம். அமெரிக்காவில் இப்படிப்பட்டவற்றை வீட்டில் கட்டிய விமானமாகப் பதிய, பாதிக்கு மேற்பட்ட வேலையைக் கட்டியவரே செய்திருக்க வேண்டும் என்பது விதி.

இந்த வழக்கம் பறப்பின் தொடக்கத்திலேயே இருந்தது. பிரேசிலில் பிறந்து பரிசில் வாழ்ந்த சந்தோஸ் டுமோன் என்பவர் 1900களின் கடைசியில் மூங்கிலும் பட்டும் வைத்து ஒரு குட்டி விமானம் செய்தார். காப்புரிமை கோராமல் வரைபடத்தை யாரும் எடுத்துக் கட்டட்டும் என்று வெளியிட்டார். 1910இல் சென்னையில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர் சிம்ஸன் கம்பனியின் உதவியோடு ஒரு விமானத்தைச் செய்து பறந்து காட்டினார். அந்தச் சந்தோஸ் டுமோன்தான் பின்னாளில் விமானங்கள் குண்டு போடுவதைப் பார்த்து நொந்தவர். 1932இல் பிரேசிலின் உள்நாட்டுப் போரில் விமானங்கள் பறந்த நாட்களில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வானத்தைப் பார்த்துப் பயந்தவர்களில் விமானம் செய்தவரும் ஒருவர் என்பதை அம்மாவுக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

யார் அதற்குள் இருப்பது?

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். கொழும்பில் ஒருவர் வீட்டில் விமானம் கட்டிக்கொண்டிருந்த அதே வருடங்களில், வடக்குக்கு பற்றரி வரத் தடை. பெற்றோலுக்கும் டீசலுக்கும் தடை. சீமெந்துக்கும் இரும்புக்கும் யூரியாவுக்கும் தடை. அவருடைய பட்டறையில் அலுமினியக் குழாய் நீண்டபோது, எங்கள் வளவுகளில் பனங்குற்றி அடுக்கிப் பதுங்குகுழி நீண்டது. அது அவர் செய்த தடை அல்ல. ஆனால் யாருக்கு எதைச் செய்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது இந்தக் கதையின் ஒரு பகுதி. 2007 பங்குனியில் புலிகளின் சிறு விமானங்கள் கட்டுநாயக்கா விமானப்படைத் தளத்தைத் தாக்கிய பிறகு, சிறுவிமானம் என்ற சொல்லே இந்த நாட்டில் வேறொரு பொருளில்தான் கேட்டது. காற்றாடிக்கு மோட்டார் பூட்டும் பெடியனைக்கூடச் சந்தேகத்தோடு பார்த்த காலம் அது.

இருந்தும் தடைக்காலத்தில் எங்கள் சனம் செய்ததை நினைத்துப் பார்க்கிறேன். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். மோட்டார் சைக்கிளைச் சொட்டுப் பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினோம். திருத்த முடிந்த இயந்திரம் மட்டும் உயிரோடு இருந்தது. திருத்த முடியாதது கோழிக்கூடானது. லான்ட்மாஸ்ரர் அந்தக் காலத்தைத் தாண்டியதற்குக் காரணம், சின்னையா போன்றவர்கள் அதை ஆணி ஆணியாகக் கழற்றிப் பூட்டத் தெரிந்திருந்ததுதான். விஜேவர்த்தன தன் இயந்திரத்தைச் சந்தேகித்தது சரி. அதே நேரம், எண்ணெய் இல்லாத ஊரில் அந்த இயந்திரத்தைக் கைவிடாமல் வைத்திருந்தது எங்கள் கைகள். இரண்டும் உண்மை.

வீட்டில் விமானம் கட்டுபவருக்கு ஒரு நேர்மை தானாக வந்துவிடுகிறது. அதைச் செய்தவர் அவர். ஓட்டுபவர் அவர். ஆணி தளர்ந்தால் விழப்போகிறவரும் அவர். உழவு இயந்திரத்தில் அப்படி இல்லை. செய்தவர் ஓரிடம், விற்றவர் ஓரிடம், கடன் கட்டுபவர் வயலில். குண்டு விமானத்தில் அந்த இடைவெளி இன்னும் பெரிது. செய்தவர் ஒரு நாட்டில், ஓட்டியவர் முகில்களுக்கு மேலே, நாங்கள் பதுங்குகுழிக்குள். விஜேவர்த்தன தன் பிற்கால வாழ்க்கை முழுவதும் செய்தது, செய்பவருக்கும் தாங்குபவருக்கும் இடையிலான அந்தத் தூரத்தைக் குறைப்பது என்றே நான் விளங்கிக்கொள்கிறேன். மற்றவருக்குச் சொன்னதைத் தன் தோட்டத்தில் செய்து பார்த்தார். தான் கட்டிய விமானத்தில் தானே ஏறினார். தன்னை விவசாயி என்றும் மெக்கானிக் என்றும் அறிமுகப்படுத்திக்கொள்வதையே விரும்பினார். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தபோதும் அது மாறவில்லை.

இது பழைய கதை அல்ல. போர் முடிந்த பிறகு வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் லீசிங்கில் எடுத்த உழவு இயந்திரங்கள் எத்தனை வளவுகளில் நின்றன, தவணை கட்ட முடியாமல் எத்தனை திரும்பப் போயின என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2022இல் எரிபொருள் வரிசையில் கலன்களோடு நின்ற விவசாயிகளையும் நாங்கள் மறக்கவில்லை. அடுத்து மருந்தடிக்கும் ட்ரோன்கள் வருகின்றன. வரட்டும். ஆனால் ஒவ்வொன்றிடமும் கேட்க ஒரு கேள்வி கையில் இருக்கவேண்டும். பழுதானால் எங்கள் சந்திக் கராஜில் திருத்தலாமா? எண்ணெய் நின்றால் என்ன செய்யும்? பிழைத்தால் யார் விழுவது?

விஜேவர்த்தன 2010 ஓகஸ்ட் 18இல் காலமானார். 86 வயது ஆக இரண்டு நாள் இருந்தது. அவர் பெயரில் இயங்கும் அறக்கட்டளை இன்று உள்ளூர்க் கண்டுபிடிப்பாளர்களுக்கு விருது வழங்குகிறது.

அந்த விடுமுறை முடிய இரண்டு நாள் இருக்கும்போது அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். விமானப் பகுதியை அவ்வளவு அக்கறையாகக் கேட்கவில்லை. லான்ட்மாஸ்ரர் வந்ததும் கீரை ஆய்ந்த கை நின்றது. அப்போ அந்த மனிசனுக்குத் தெரியுமா, அவருடைய பெட்டியில் ஏறித்தான் நாங்கள் பாலம் தாண்டினோம் என்று, என்ற மாதிரி ஏதோ கேட்டார். எனக்குப் பதில் இருக்கவில்லை.

மறுநாள் காலை விறகு அடுக்குக்குப் பின்னாலிருந்து விமானம் திரும்ப வந்தது. ஒரு நிபந்தனையோடு. மோட்டார் கூடாது, சத்தம் வரக்கூடாது. பெடியன் மோட்டாரைக் கழற்றினான். முகப்பில் பாரம் போனதால் விமானம் மூக்கைத் தூக்கித் தூக்கி விழுந்தது. மூன்று தரம் விழுந்த பிறகு, ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியை மூக்கில் வைத்து ஒட்டினான். நான்காம் தரம் வேம்படியில் இருந்து கிணற்றடிவரை போனது. அம்மா குசினி வாசலில் நின்று பார்த்தார். உள்ளே போகவில்லை.